பொத்தானை அமுக்குமுன் ஒரு நிமிஷம்!

2012-ம் ஆண்டு அக்டோபர் மாதம் 14-ந் தேதி. அமெரிக்காவில் நியூ மெக்ஸிகோ மாகாணத்திலுள்ள ராஸ்வெல் என்ற ஊரிலிருந்து ஹீலியம் வாயு நிரப்பிய ராட்சத பலூன் ஒன்று மேலே கிளம்பியது. அதன் அடியில் தொங்கிய கூண்டிற்குள் ஆஸ்திரியா நாட்டைச் சேர்ந்த பெலிக்ஸ் பாம்கார்ட்னர் உட்கார்ந்திருந்தார். சுமார் இரண்டரை மணி நேரம் சென்றது. பூமியிலிருந்து 39 கிலோ மீட்டர் உயரத்தில் கூண்டின் கதவு திறந்தது. வெளிப்படியில் வந்து நின்றார். ஒரு சலாம் வைத்தார். குதித்தார்!

நாலு நிமிஷத்துக்குச் சற்று அதிகமான நேரம் அவர் கல்லைப் போல் கீழே விழுந்தார். வேகம் மணிக்கு 1,357 கிலோ மீட்டரை எட்டியது. அது ஒலியின் வேகத்தையும் மிஞ்சிய வேகம். நடுவில் உடல் கட்டுக்கடங்காமல் பம்பரமாகச் சுழன்றது. பிறகு சமாளித்துக்கொண்டு, பாராசூட்டை விரித்து, பத்திரமாகத் தரையில் காலூன்றினார்.

அவருடைய உடையிலும் கூண்டிலும் உள்ளங்கையில் அடங்கக்கூடிய சின்னஞ்சிறு காமிராக்கள் பொருத்தப்பட்டிருந்தன. அந்தச் சுழற்சியை அவருடைய மார்பிலிருந்தே பார்ப்பதுபோல் உலகம் பார்த்தது அவற்றின் உபயத்தால்தான்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. குதிக்கும் மனிதர் நடுவழியில் காமிராவைத் திருப்பிப் பார்த்து, "வெளிச்சம் போதவில்லை, இன்னொரு தடவை குதிக்கலாம்" என்று சொல்ல முடியாது. எந்த அளவில், எந்த வேகத்தில், எத்தனை நேரம் படம் பிடிக்க வேண்டும் என்பதெல்லாம் பலூன் தரையை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே முடிவாகியிருக்க வேண்டும்.

39 கிலோ மீட்டர் உயரத்துக்குப் போகிறவருக்கு மட்டுமா இந்த நிலைமை? மோட்டார் சைக்கிளில் மலைப் பாதை ஏறும் வாலிபருக்கும், முதன்முதலாகக் கடலில் மூழ்கிப் பவளப் பாறையைப் பார்க்கும் பெண்ணுக்கும், சைக்கிள் பழகும் குழந்தையின் பின்னால் ஓடும் தகப்பனாருக்கும் இதே கதைதான். நிகழ்ச்சி ஒரு முறைதான் வரும். அது வந்து போன பிறகு காமிராவின் பட்டியலைப் புரட்டிப் பயனில்லை.

கைக்கடிகாரம் போல் ஒரு காமிரா

இந்த வகைக் காமிராவுக்கு 'ஆக்‌ஷன் காமிரா' என்று பெயர். இதைப் பிரபலமாக்கியவர் கலிபோர்னியாவைச் சேர்ந்த நிக் உட்மன். 2002-ல் ஆஸ்திரேலியாவுக்கும் இந்தோனேஷியாவுக்கும் அலைச் சறுக்கு ஆடப் போன அவருக்கு, அலையின் மேல் இருக்கும்போதே படம் எடுக்க வேண்டும் என்ற ஆசை பிறந்தது. கரையிலிருந்து எடுத்தால் ஆள் எறும்பு போல் தெரிகிறான். அருகே வந்து எடுக்கவோ ஆள் இல்லை. காமிராவை மணிக்கட்டில் கட்டிக்கொண்டால் என்ன என்று யோசித்தார். அப்படிப் பிறந்ததுதான் கோப்ரோ ஸ்தாபனம்.

2004-ல் விற்பனைக்கு வந்த அதன் முதல் காமிராவில் வீடியோவே கிடையாது. 35 மில்லி மீட்டர் பிலிம் சுருள் போட்டுப் புகைப்படம் எடுப்பது அது. 2006-ல் வந்த டிஜிடல் காமிரா பத்துப் பத்து வினாடிகளாக வீடியோ எடுத்தது. இன்று அதே அளவுள்ள பெட்டிக்குள் டெலிவிஷன் நிலையத்துக்கு ஒப்பான ஏற்பாடுகள் அடங்கிவிட்டன. பல கம்பெனிகளும் போட்டி போட்டுக்கொண்டு இவற்றைச் செய்கின்றன.

ஏற்பாடுகள் பெருகியதோடு குழப்பமும் பெருகிவிட்டது. அட்டைப் பெட்டியைப் பிரித்துப் பொத்தானைத் தட்டினால் கண்ணாடித் திரையில் எண்களும் எழுத்துக்களும் வரிசை வரிசையாக வந்து நிற்கின்றன. 1080, 2.7 கே, 4 கே, 5.3 கே, 25, 50, 100, 200, எச்.264, எச்.இ.வி.சி. எதைத் தொடுவது, எதை விடுவது? பெரும்பாலோர் செய்வது ஒன்றே: எது பெரிய எண்ணோ அதைத் தட்டிவிட்டுப் புறப்பட்டு விடுகிறார்கள். தொல்லையும் அங்கேதான் ஆரம்பமாகிறது.

கணவாய்க்கு முன்னால் தீர்ந்த கார்டு

லடாக்கிலுள்ள லே நகரிலிருந்து கார்துங் லா கணவாய்க்கு ஒரு வாலிபர் மோட்டார் சைக்கிளில் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். சுமார் 40 கிலோ மீட்டர் தூரம். கணவாயின் உயரம் 5,300 மீட்டருக்கு மேல். வளைந்து வளைந்து ஏறும் பாதை. நின்று நிதானித்துப் போனால் இரண்டு மணி நேரம் ஆகும். ஹெல்மெட்டில் புதுக் காமிரா. உள்ளே 64 ஜிகாபைட் கார்டு. பெரிய படம், அதிக வேகம், உயர்ந்த தரம் என்று எல்லாவற்றையும் உச்சத்தில் வைத்துக்கொண்டு கிளம்புகிறார்.

அந்த உச்சத் தரத்தில் வினாடிக்கு 120 மெகாபிட் தகவல் கார்டில் இறங்குகிறது. எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட். ஆகவே வினாடிக்கு 15 மெகாபைட். நிமிஷத்துக்கு 900 மெகாபைட். மணிக்கு 54 ஜிகாபைட்! 64 ஜிகாபைட் கார்டு சுமார் 71 நிமிஷத்தில் நிரம்பிவிடும். லே நகரத்து வீதிகளும், பெட்ரோல் பங்கும், லாரிகளின் பின்புறமும் அற்புதமாகப் பதிவாகியிருக்கும். பனி மூடிய கணவாய் மட்டும் இருக்காது.

தரத்தை வினாடிக்கு 60 மெகாபிட் என்று பாதியாகக் குறைத்திருந்தால் அதே கார்டு 142 நிமிஷம் தாங்கியிருக்கும். கணவாயும் கிடைத்திருக்கும். அல்லது, வளைவும் சரிவும் உள்ள இடங்களில் மட்டும் இரண்டு இரண்டு நிமிஷமாக எடுத்திருந்தால் உச்சத் தரத்திலேயே எல்லாம் அடங்கியிருக்கும். சினிமாவில் பிலிம் ஓடிய காலத்தில் ஆயிரம் அடிச் சுருள் பதினோரு நிமிஷத்தில் தீர்ந்துவிடும். ஒவ்வோர் அடிக்கும் காசு. ஆகவே காமிராக்காரர் எண்ணி எண்ணி எடுத்தார். கார்டு வந்தபிறகு அந்தக் கணக்கு மறந்துபோயிற்று, மறைந்துவிடவில்லை.

படம் எவ்வளவு பெரிது?

1080 என்ற அளவில் ஒரு படத்தில் குறுக்கே 1,920 புள்ளிகள், நெடுக்கே 1,080 புள்ளிகள். மொத்தம் சுமார் 20 லட்சம். 4 கே என்பது இரு பக்கமும் இதற்கு இரட்டிப்பு. ஆகவே புள்ளிகள் நாலு மடங்கு. சுமார் 83 லட்சம். 5.3 கே அளவில் ஒன்றரைக் கோடிக்கும் அதிகம்.

இத்தனை புள்ளிகள் எதற்கு? கைப்போனின் சிறு திரையில் பார்க்கிறவருக்கு 1080-க்கும் 4 கே-க்கும் உள்ள வித்தியாசம் சுலபத்தில் தெரியாது. ஆனால் பெரிய படத்துக்கு வேறொரு சௌகரியம் உண்டு. 4 கே படத்தில் நாலில் ஒரு பாகத்தை மட்டும் வெட்டி எடுத்தாலும் முழு 1080 படம் ஒன்று கிடைத்துவிடும். ஆக்‌ஷன் காமிராவின் கண் அகன்ற கண். முன்னால் இருப்பதையெல்லாம் வாரி வளைத்துப் பிடிக்கும். வேண்டியதைப் பிறகு வெட்டிக்கொள்ள இடம் இருப்பது பெரிய லாபம். இந்தக் காரணத்தாலேயே சாதாரண உபயோகத்துக்கு 4 கே இன்று நடுத்தரமான, நல்ல தேர்வாக இருக்கிறது.

படத்தின் வடிவமும் இதில் சேர்ந்ததே. டெலிவிஷனுக்கு 16-க்கு 9 என்ற அகன்ற வடிவம். கைப்போனுக்கு அதையே நிமிர்த்தி வைத்த வடிவம். இரண்டுக்கும் வேண்டுமானால், ஏறக்குறையச் சதுரமான 8-க்கு 7 அல்லது 4-க்கு 3 வடிவத்தில் எடுத்து வைத்துக்கொண்டு பிறகு எப்படி வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளலாம். தலைக்கு மேல் இருப்பதையும் காலடியையும் அகன்ற வடிவம் ஆரம்பத்திலேயே வெட்டி எறிந்துவிடுகிறது. எறிந்தது திரும்ப வராது.

குதிரையின் நாலு கால்கள்

அடுத்தது, வினாடிக்கு எத்தனை படம் என்ற கேள்வி. இதன் சரித்திரம் சுவையானது.

ஓடும் குதிரையின் நாலு கால்களும் ஒரே சமயத்தில் தரையை விட்டு எழும்புகின்றனவா? பத்தொன்பதாம் நூற்றாண்டில் இது ஒரு பெரிய சர்ச்சை. கண்ணால் பார்த்துச் சொல்ல முடியவில்லை. 1878-ம் வருஷம் ஜூன் மாதம் கலிபோர்னியாவில் பாலோ ஆல்டோ என்ற இடத்தில் எட்வர்ட் மைப்ரிட்ஜ் என்ற புகைப்பட நிபுணர் பாதையோரம் வரிசையாகப் பன்னிரண்டு காமிராக்களை வைத்தார். குதிரை ஓட ஓடக் கம்பிகள் இழுபட்டு ஒவ்வொரு காமிராவாகப் படம் எடுத்தது. நாலு கால்களும் எழும்புவது உண்மைதான் என்று ருசுவாயிற்று. வேகமான காரியத்தைப் பார்க்க, ஒரு வினாடியைப் பல துண்டுகளாக நறுக்க வேண்டும் என்ற பாடம் அன்றே கிடைத்துவிட்டது. 1904-ல் ஆகஸ்ட் முஸ்கர் என்ற ஆஸ்திரியப் பாதிரியார், வேகமாக எடுத்ததை மெதுவாக ஓட்டிக் காட்டும் கருவிக்குப் பேடண்ட் பெற்றார்.

இன்றைய காமிராவிலும் அதே தத்துவம்தான். வினாடிக்கு 100 படம் எடுத்து, 25 வீதம் ஓட்டினால் ஒரு வினாடி நாலு வினாடியாக விரிகிறது. 200 எடுத்தால் எட்டு வினாடி. அலையிலிருந்து தெறிக்கும் துளி ஒவ்வொன்றும் முத்து முத்தாகத் தெரியும். வினாடிக்கு 25 மட்டும் எடுத்துவிட்டுப் பிறகு மெதுவாக்கப் பார்த்தால், இடையில் இல்லாத படங்களைக் கம்ப்யூட்டர் ஊகித்துத்தான் வரைய வேண்டும். ஊகம் சில சமயம் பலிக்கும். சில சமயம் கையும் காலும் குழைந்துபோகும்.

அப்படியானால் எப்போதும் 200-லேயே வைத்துவிட்டால் என்ன? இங்கேதான் வெளிச்சம் குறுக்கே வந்து நிற்கிறது. வினாடிக்கு 25 படம் என்றால் ஒவ்வொரு படத்துக்கும் அதிகபட்சம் 25-ல் ஒரு வினாடி வெளிச்சம் கிடைக்கும். 200 படம் என்றால் 200-ல் ஒரு வினாடிதான். எட்டில் ஒரு பங்கு! பட்டப்பகலில் இது போதும். சாயங்காலமானால் காமிரா இல்லாத வெளிச்சத்தை இருப்பதாகப் பெருக்கிக் காட்டும். ஐ.எஸ்.ஓ. என்ற எண் ஏறும். படம் முழுதும் ரவையைத் தூவியது போல் புள்ளி புள்ளியாகிவிடும்.

டியூப் லைட்டின் குறும்பு

காமிராவை வாங்கியதும் பார்க்க வேண்டிய ஒரு சிறு ஏற்பாட்டைப் பலர் பார்ப்பதே இல்லை. '50 ஹெர்ட்ஸ்' அல்லது '60 ஹெர்ட்ஸ்' என்று அது கேட்கும். சிலவற்றில் 'பால்', 'என்.டி.எஸ்.சி.' என்றிருக்கும்.

நம் நாட்டில் மின்சாரம் வினாடிக்கு 50 முறை திசை மாறி மாறி ஓடுகிறது. அமெரிக்காவில் 60 முறை. இதனால் நம் ஊர் டியூப் லைட்டும் பல சாதாரண எல்.இ.டி. விளக்குகளும் வினாடிக்கு நூறு முறை மங்கி மங்கி எரிகின்றன. கண்ணுக்கு அது தெரியாது. காமிராவுக்குத் தெரியும். அமெரிக்கக் கணக்குப்படி வினாடிக்கு 60 படம் என்று வைத்துக்கொண்டு மண்டபத்துக்குள் எடுத்தால், ஒரு படத்தில் விளக்கு பிரகாசமாகவும் அடுத்ததில் மங்கலாகவும் விழுந்து, கறுப்புப் பட்டைகள் திரையில் மேலும் கீழும் உருளும். 50 ஹெர்ட்ஸ் என்று வைத்து, 25 அல்லது 50 படம் எடுத்து, ஷட்டரை 50-ல் ஒரு வினாடி அல்லது 100-ல் ஒரு வினாடி என்று நிறுத்தினால் விளக்கின் துடிப்பு ஒவ்வொரு படத்திலும் சமமாக விழும். பட்டை மறைந்துவிடும். வெயிலில் எடுப்பதற்கு இந்த வித்தியாசம் ஒன்றுமில்லை, சூரியன் துடிப்பதில்லை! அதேபோல், டியூப் லைட்டின் கீழ் வினாடிக்கு 200 படம் எடுத்து மெதுவாக ஓட்டினால் என்ன செய்தாலும் வெளிச்சம் விட்டு விட்டுத்தான் தெரியும்.

ஷட்டரும் ஆட்டமும்

மணிக்கு 60 கிலோ மீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு வினாடியில் 16 மீட்டருக்கு மேல் கடந்துவிடுகிறது. ஷட்டர் 25-ல் ஒரு வினாடி திறந்திருந்தால், அந்த இமைப்பொழுதில் வண்டி இரண்டடிக்கு மேல் நகர்ந்துவிடும். படத்தில் அது ஒரு தீற்றல். ஆயிரத்தில் ஒரு வினாடி என்றால் நகர்வது இரண்டு சென்டி மீட்டர்கூட இல்லை. நம்பர் பிளேட்டின் எழுத்துக்கூடத் தெளிவாகத் தெரியும்.

சினிமாக்காரர்கள் கொஞ்சம் தீற்றலை வேண்டுமென்றே விடுவார்கள். வினாடிக்கு 25 படமானால் ஷட்டரை 50-ல் ஒரு வினாடி வைப்பது அவர்கள் வழக்கம். அசைவு வழுக்கிக்கொண்டு போவதுபோல் தோன்றும். ஆக்‌ஷன் காமிராக்களில் பெரும்பாலானவற்றுக்குக் கண்ணின் துவாரத்தைச் சுருக்கும் வசதி கிடையாது. எனவே நல்ல வெயிலில் 50-ல் ஒரு வினாடி வைத்தால் படம் வெளுத்துவிடும். கறுப்புக் கண்ணாடி போன்ற 'என்.டி.' பில்டரை முன்னால் மாட்டித்தான் அதைச் சாதிக்க வேண்டும்.

இத்துடன் சம்பந்தப்பட்டது ஆட்டம் தணிக்கும் ஏற்பாடு. காமிராவுக்குள் இருக்கும் நுண்ணிய ஜைரோஸ்கோப் கருவி எந்தப் பக்கம் எவ்வளவு ஆட்டம் என்று கணக்கிட, அதற்கு எதிர்ப்புறமாகப் படம் நகர்த்தப்படுகிறது. அப்படி நகர்த்துவதற்காகப் படத்தின் ஓரங்களை வெட்ட வேண்டியிருக்கிறது. கரடுமுரடான பாதையில் இது கைகண்ட மருந்து. ஆனால் இருட்டியபின் இதுவே வினையாகும். ஷட்டர் நீண்ட நேரம் திறந்திருப்பதால் ஒவ்வொரு படமும் ஏற்கெனவே தீற்றலாகிவிட்டது. சட்டம் அசையாமல் நிற்க, உள்ளே இருக்கும் விளக்குகள் மட்டும் நடுங்கும். பேய் பிடித்ததுபோல் ஒரு காட்சி! இரவில் எடுப்பவர் இந்த ஏற்பாட்டைக் குறைத்துவிட்டு, ஓரிடத்தில் நின்று எடுப்பதே மேல்.

மூட்டை கட்டும் கலை

4 கே அளவில் வினாடிக்கு 30 படங்களை அப்படியே சேமித்தால், ஒரு புள்ளிக்கு மூன்று பைட் வீதம், வினாடிக்கு 740 மெகாபைட்டுக்கு மேல் ஆகும். 64 ஜிகாபைட் கார்டு ஒன்றரை நிமிஷத்துக்குள் நிரம்பிவிடும். அது வினாடிக்குப் பத்துப் பதினைந்து மெகாபைட்டாகச் சுருங்குவது எப்படி?

காமிரா எல்லாப் படத்தையும் முழுதாக எழுதுவதில்லை. ஒரு படத்தை முழுதாக எழுதிவிட்டு, அடுத்து வருவனவற்றில் என்ன மாறியிருக்கிறது என்பதை மட்டும் குறித்துக்கொள்கிறது. அசையாத சுவருக்கு முன்னால் ஒருவர் உட்கார்ந்து பேசினால் மாறுவது உதடு மட்டும், சுலபமாகச் சுருங்கிவிடும். வேகமாக ஓடும் ஜல்லிப் பாதை, காற்றில் ஆடும் இலைகள், நுரைக்கும் அலை ஆகியவற்றில் எல்லாமே எல்லாக் கணமும் மாறுகிறது. ஆக்‌ஷன் காமிராவுக்கு வாய்த்த காட்சிகளோ இவையே. ஆகவே சுருக்கம் அளவு மீறினால் ஜல்லியும் இலையும் கரைத்த சேறு போலாகிவிடும். அப்படிப்பட்ட இடங்களில் பிட் ரேட்டை உயர்த்துவது வீண் ஆடம்பரமாகாது.

சுருக்கும் முறைகளில் எச்.264 என்பது 2003-ல் வகுக்கப்பட்டது. எந்தக் கம்ப்யூட்டரிலும் ஓடும். எச்.இ.வி.சி. என்பது 2013-ல் வந்தது. ஏறக்குறையப் பாதி இடத்தில் அதே தரத்தை அடக்கக் கூடியது. ஆனால் பழைய கம்ப்யூட்டரில் திக்கித் திணறும். வீட்டிலுள்ள கம்ப்யூட்டர் எதை ஓட்டும் என்று முன்கூட்டியே ஒரு நிமிஷப் படம் எடுத்துச் சோதித்துவிடுவது நல்லது.

கார்டு விஷயத்தில் சிக்கனம் கூடாது. 'வி 30' என்று முத்திரையிட்ட கார்டு வினாடிக்குக் குறைந்தது 30 மெகாபைட் விடாமல் எழுதும். மேலே சொன்ன 15 மெகாபைட்டுக்கு இது தாராளம். மலிவாகக் கிடைக்கும் போலிக் கார்டுகள் அட்டையில் போட்டிருக்கும் கொள்ளளவைக்கூட உள்ளே வைத்திருப்பதில்லை. படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே பாட்டரியைக் கழற்றுவதும் ஆபத்து. புத்தகத்துக்குப் பொருளடக்கம் போல், படத்தின் முழுக் கணக்கையும் காமிரா பெரும்பாலும் கடைசியில்தான் எழுதி முடிக்கிறது. அது எழுதப்படாவிட்டால் உள்ளே படம் இருந்தும் திறக்காது.

நிறமும் நீரும்

தண்ணீருக்குள் சில மீட்டர் ஆழத்திலேயே சிவப்பு நிறம் உறிஞ்சப்பட்டுவிடுகிறது. எல்லாம் நீலமும் பச்சையுமாகத் தெரிகிறது. நிறச் சமன்பாட்டைக் காமிராவின் விருப்பத்துக்கே விட்டால் அது ஆழத்துக்கு ஆழம் மாறிக்கொண்டே இருக்கும். ஒரே நிலையில் நிறுத்திவிட்டு, சிவப்பு பில்டர் ஒன்றை முன்னால் மாட்டிக்கொள்வது வழக்கம்.

சாதாரணமாக ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள். இது 8 பிட். 10 பிட்டில் 1,024 படிகள். சூரியோதய வானத்தில் ஒரு நிறம் மற்றொன்றில் கரையும் இடத்தில் இந்த வித்தியாசம் தெரியும். 'லாக்', 'பிளாட்' என்ற ஏற்பாடுகளில் படம் வெளிறிப்போய் வரும். பிறகு உட்கார்ந்து நிறம் சேர்க்கத் தெரிந்தவருக்கே அது பயன்படும். எடுத்ததை அன்று மாலையே வீட்டாருக்குக் காட்ட விரும்புகிறவர் அந்தப் பக்கமே போகவேண்டாம்.

சூடும் குளிரும்

உச்ச அளவில் ஓடும் காமிரா உள்ளுக்குள் கொதிக்கிறது. ஓடும் வண்டியில் காற்றுப் பட்டு ஆறிவிடும். சித்திரை வெயிலில் ஓரிடத்தில் நிறுத்தி வைத்து எடுத்தால் சூடு தாங்காமல் தானே அணைந்துவிடும். அங்கே அளவையும் வேகத்தையும் ஒரு படி இறக்குவதே வைத்தியம். பனிப் பிரதேசத்தில் இதற்கு நேர்மாறு. பாட்டரி குளிரில் சோர்ந்துபோகும். உபரிப் பாட்டரியைச் சட்டைக்கு உள்பையில், உடம்புச் சூட்டில் வைத்திருந்தால் அது கணவாயில் கை கொடுக்கும்.

திருத்தக் கூடியதும் கூடாததும்

இவ்வளவையும் நினைவில் வைத்துக்கொள்வது எப்படி? அதற்கு ஒரு சுலப வழி உண்டு. பிறகு திருத்தக் கூடியவை எவை, திருத்த முடியாதவை எவை என்று பிரித்துக்கொண்டால் போதும்.

நிறம் சற்று மாறியிருந்தால் திருத்தலாம். பெரிய படத்தை வெட்டிச் சிறிதாக்கலாம். அதிக வேகத்தில் எடுத்ததைச் சாதாரணமாக ஓட்டலாம். ஆனால் தீற்றலான முகத்தைத் தெளிவாக்க முடியாது. வெளுத்துப்போன மேகத்தைத் திரும்பக் கொண்டுவர முடியாது. டியூப் லைட்டின் பட்டையைத் துடைப்பது பெரும்பாடு. கண்ணாடியில் உட்கார்ந்த நீர்த்துளியை எந்தக் கம்ப்யூட்டரும் துடைத்துத் தராது. கார்டில் விழாத காட்சிக்கோ மருந்தே இல்லை. திருத்த முடியாதவற்றுக்கு முதலிடம் கொடுத்து ஏற்பாடு செய்தால் பாதிக் கவலை தீர்ந்தது.

பகலில் நெடும் பிரயாணமா? 4 கே, வினாடிக்கு 25 படம், ஆட்டம் தணிக்கும் ஏற்பாடு, நடுத்தர பிட் ரேட். அலைச் சறுக்கோ விளையாட்டோ நல்ல வெயிலில் நடக்கிறதா? வினாடிக்கு 100 படம், வேகமான ஷட்டர், உயர்ந்த பிட் ரேட், சின்னச் சின்னத் துண்டுகளாக. இரவில் தேரோட்டமோ ஊர்வலமோ? 25 படம், ஷட்டர் 50-ல் ஒரு வினாடி, ஐ.எஸ்.ஓ. 1600-க்கு மேல் போகாமல் ஒரு கட்டு, அசையாமல் நிற்கும் கால்.

சாலையில் சாட்சிக்காக ஓட விடுகிறவருக்கு வேறு கணக்கு. அழகு முக்கியமில்லை, நம்பர் பிளேட் தெரிய வேண்டும், தேதியும் மணியும் சரியாக இருக்க வேண்டும். பழையதை அழித்து அதன் மேலேயே புதியதை எழுதும் 'லூப்' ஏற்பாடு இதற்காகவே இருக்கிறது. விபத்து நேர்ந்ததும் காமிராவை நிறுத்தவேண்டும் என்பதை மட்டும் மறக்கலாகாது. நிறுத்தாவிட்டால் சாட்சியைச் சாட்சியே அழித்துவிடும்!

முந்தின நாள் ராத்திரி

எந்த ஏற்பாடும் அது நடக்கும் இடத்தில் செய்வதற்கு உரியதல்ல. மலையடிவாரத்தில் கையுறையோடு சிறு திரையைத் தட்டிக்கொண்டிருப்பவருக்குப் பதற்றம்தான் மிச்சம். முந்தின நாள் ராத்திரியே கார்டிலுள்ள பழைய படங்களை வீட்டில் பத்திரப்படுத்திவிட்டுத் துடைத்துக்கொள்ள வேண்டும். பாட்டரிக்கு மின்சாரம் ஏற்ற வேண்டும். கடிகாரத்தைச் சரி பார்க்க வேண்டும். ஒரு நிமிஷப் படம் எடுத்து, அதைப் பெரிய திரையில் ஓட்டிப் பார்த்து, திருப்தியானால் அந்த ஏற்பாட்டுக்கு ஒரு பெயர் கொடுத்துக் காமிராவிலேயே சேமித்து வைக்கலாம். காலையில் ஒரே தட்டு, வேலை முடிந்தது.

பாம்கார்ட்னர் 2025-ம் ஆண்டு ஜூலை மாதம் இத்தாலியில் பாராகிளைடர் விபத்தில் காலமானார். ஆனால் கூண்டின் படியில் அவர் நின்ற கணம் இன்றும் இருக்கிறது. கறுத்த வானமும், வளைந்து தெரியும் பூமியும், சலாம் வைக்கும் கையும் அப்படியே இருக்கின்றன. யாரோ சிலர் முன்னதாகவே உட்கார்ந்து, கார்டு எவ்வளவு, பாட்டரி எவ்வளவு, எந்த அளவு, எந்த வேகம் என்று கணக்குப் போட்டு வைத்ததன் பலன் அது.

அத்தனை பெரிய சாகசம் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. ஆனால் சைக்கிளின் பின்னாலிருந்து தகப்பனார் கையை எடுத்துவிட, குழந்தை தெரியாமலே தனியாகப் பத்து கெஜம் ஓட்டிக்கொண்டு போகும் அந்தக் கணமும் ஒரு முறைதான் வரும். அதற்கும் அந்த ஒரு நிமிஷக் கணக்கு தகும்.